பாதம் முதல் கூந்தல் வரை

பெண்ணின் அழகை உறுப்பு உறுப்பாகப் பாடும் கேசாதிபாத, பாதாதிகேச மரபுக்குத் தமிழில் நீண்ட ஆயுள். அதன் பழைய, வலுவான சான்று பொருநராற்றுப்படையில் இருக்கிறது. முடத்தாமக்கண்ணியார் பாடினியின் கூந்தலில் தொடங்கி அடிவரை இறங்குகிறார். பாதத்துக்கு அவர் தரும் உவமை, ஓடிக் களைத்த நாயின் நாக்கு. இன்றைய வாசகருக்கு இது உறுத்தலாம். எனக்கோ மொத்த வருணனையிலும் மிக உயர்ந்த இடம் அதுதான். செம்மண் வழியில் பரல் குத்தி, நீர்கோத்துக் கொப்புளித்த பாதம் அது. அவளுடைய மென்மை, வறுமை, கடந்து வந்த தூரம் மூன்றும் அந்தச் சிவப்பில் தெரிகின்றன. பார்த்த கண் ஒன்று இல்லாமல் அப்படி ஓர் உவமை பிறக்காது.

பிற்காலத்தில் இந்தக் கண் மங்கிவிட்டது. முகம் என்றால் மதி, விழி என்றால் கயல், தோள் என்றால் மூங்கில், இடை என்றால் மின்னல். பாட்டுடைத் தலைவியை மாற்றினாலும் பாட்டை மாற்ற வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இன்றும் இந்தப் பட்டியலில்தான் வாழ்கின்றன.

கம்பராமாயணத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம். நாட விட்ட படலத்தில், சீதையை அடையாளம் காண்பதற்காக, அனுமனிடம் அவள் பாதம் முதல் கூந்தல் வரை இராமன் விரித்துச் சொல்கிறான். ஒரு கணவன் தரக்கூடிய முழுமையான வருணனை அது. அப்படியிருந்தும், இலங்கையில் உறங்கும் மண்டோதரியைக் கண்டதும் இவள்தான் சீதையோ என்று அனுமன் ஐயுறுகிறான். இதே ஐயம் வால்மீகியிலும் வருகிறது; அங்கே அதைத் தீர்ப்பது உறுப்பழகு அல்ல. இராமனைப் பிரிந்தவள் இப்படி உண்டு, உறங்கி, அணிந்திருக்க மாட்டாள் என்ற நினைப்பு. அழகின் பட்டியல் எந்த அழகிக்கும் பொருந்தும். துயரம் ஒருத்திக்கே பொருந்துகிறது. ஆனாலும் கம்பனின் அந்தப் பகுதியை வீண் என்று என்னால் தள்ள முடியவில்லை. இழந்தவளை ஒவ்வொரு உறுப்பாக நினைவில் தொட்டு மீட்கிறான் இராமன். அடையாளமாகத் தோற்றது, பிரிவின் புலம்பலாக நெஞ்சைப் பிசைகிறது.

வள்ளுவர் இந்த மரபின் இரு முனைகளையும் அறிந்தவர். 112ஆம் அதிகாரமான நலம் புனைந்துரைத்தலில் பேசுபவன் தலைவன். அனிச்சம், குவளை, நிலவு எல்லாம் அவளிடம் தோற்கின்றன. 124ஆம் அதிகாரத்தின் பெயர் உறுப்புநலன் அழிதல். அங்கே கண் நீர் சொரிகிறது, தோள் மெலிந்து வளை கழல்கிறது, தழுவிய கை சற்றுத் தளர்ந்ததற்கே நெற்றி பசக்கிறது. முன்னதை மட்டும் மனப்பாடம் செய்து மேடையில் முழங்குகிறோம். காதலில் அழகுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்வது பின்னதுதான்.

இந்த வருணனை மரபின் பெரிய குறை, வருணிக்கப்படுபவள் வாய்திறக்காமல் இருப்பது. சங்க அகப்பாடல்களிலோ தலைவி தன் உடலைப் பற்றித் தானே பேசுகிறாள்: பசலை படர்ந்ததை, வளை நெகிழ்ந்ததை, ஊர் தூற்றியதை. பிற்காலத்தார் அவள் விழியையும் இடையையும் எடுத்துக்கொண்டு, அந்தக் குரலை விட்டுவிட்டார்கள்.