எண்ணத் தெரிந்த பந்து

நுவரெலியாவில் கோல்ஃப் என்றால் நம் சனங்களுக்கு அது வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிற விளையாட்டு. 1889இல் வெள்ளைக்காரர் தொடங்கிய கோல்ஃப் கழகத்தின் 18 குழி மைதானம் நகரத்துக்கு உள்ளேயே, கிராண்ட் ஹோட்டலுக்கும் ஹில் கிளப்புக்கும் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. ஏப்ரல் சீசனுக்கு மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்க வரும் கூட்டம் அந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே கடந்து போகும். புல் வெட்டியவர்களிலும், ஆடுபவரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. மட்டையைக் கையில் பிடித்தவர்கள் அரிது.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன நான் கோல்ஃப் மட்டையை முதன்முதலில் பிடித்தது, இங்கிலாந்தில் ஒரு கடைத்தொகுதியின் மாடியில். அக்காவின் பிள்ளைகள் இருவரும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். வெளியே மழை. உள்ளே கூரைக்கு அடியில் குட்டிக் குட்டியாக ஒன்பது ஆடுதளங்கள், சுற்றிலும் வண்ண விளக்கு, நடுவில் சாப்பாட்டு மேசைகள், ஒரு பக்கம் மதுபானக் கவுண்டர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த மாதிரிக் கூடங்கள் பெருகிவிட்டன. இவற்றில் பேர்பெற்ற பட்ஷாக் நிறுவனம் 2018இல் லண்டன் வைட் சிட்டியில் முதல் கூடத்தைத் திறந்தது; 2021இல் அட்லாண்டாவுக்குப் போய் அமெரிக்காவிலும் கால் வைத்தது.

ஆட்டம் எளிமையானது. பெயரைத் திரையில் பதிய வேண்டும். ஆளுக்கொரு பந்து. ஒவ்வொரு தளத்தின் தொடக்கத்திலும் பந்தை வைக்க ஓர் இடம் இருக்கிறது. அதில் பந்தை வைத்த உடனே பக்கத்துத் திரையில் நம் பெயர் வந்துவிடும், பந்து யாருடையது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாகத் தட்டி, சரிவிலும் வளைவிலும் உருட்டிக் குழிக்குள் விழுத்த வேண்டும். எத்தனை அடியில் விழுத்தினோம் என்பதற்கு ஏற்ப புள்ளி. கூடுதல் புள்ளி தரும் தனிக் குழிகளும், விழுந்தால் புள்ளியைப் பறிக்கும் பொறிகளும் இடையிடையே இருக்கின்றன. எழுதிக்கொள்ளத் தாள் வேண்டாம், பென்சில் வேண்டாம், “நீ நாலு அடி அடிச்ச, மூன்று இல்ல” என்ற சண்டையும் வேண்டாம்.

இந்தக் கணக்குப் பிள்ளை வேலையைச் செய்வது பந்துதான். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்டீவ், டேவ் ஜொலிஃப் என்ற ஆங்கிலேய இரட்டைச் சகோதரர்கள் கோல்ஃப் பயிற்சிக்குப் போன இடத்தில், பந்தை அடித்துக்கொண்டே இருப்பது சலிப்பாக இருக்கிறதே, எது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தால் இதுவே ஒரு போட்டியாகிவிடுமே என்று யோசித்தார்கள். பந்துக்குள் ஒரு சில்லைப் புதைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் டொப்கோல்ஃப். முதல் கூடம் 2000இல் லண்டனுக்கு வடக்கே வட்ஃபர்டில் திறந்தது. பட்ஷாக்கைத் தொடங்கியவர்களிலும் இந்தச் சகோதரர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பந்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டொப்கோல்ஃப் தொடங்கிய காலத்துப் பந்தில் இருந்தது வானொலி அலையால் படிக்கப்படும் அடையாளச் சில்லு, கடையில் துணியோடு தைத்து வரும் திருட்டுத் தடுப்புச் சீட்டின் இனம். அதற்குள் மின்கலம் கிடையாது. படிக்கும் கருவிக்குக் கிட்டப் போனால் மட்டும் “நான்தான் இன்ன பந்து” என்று பதில் சொல்லும். வழியில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. குட்டி கோல்ஃபுக்கு அது போதாது, ஏனென்றால் இங்கே எண்ண வேண்டியது அடிகளை. ஆகவே பட்ஷாக் பந்துக்குள் உணரிகளோடு ஒரு மின்னணு அமைப்பே உட்கார்ந்திருக்கிறது. டிரக்கபோல் என்று அதற்குப் பெயர். பந்தும் தளமும் பேசிக்கொள்கின்றன. அடி விழுந்தது, பொறியில் சிக்கியது, குழியில் இறங்கியது எல்லாம் ஆடுபவர் பெயரில் ஏறுகின்றன. சாதாரண கோல்ஃப் பந்தின் விட்டம் 43 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு சின்ன உருண்டைக்குள் இத்தனையையும் அடைத்து, அது கோணாமல் உருளும்படி எடையைச் சமன்செய்து, நாள் முழுக்க அடிவாங்கவும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பொறியியலுக்கு நான் மனமார மரியாதை செய்கிறேன்.

ஆடிக்கொண்டிருக்கும்போது என் மனம் ஓடியது எங்கள் மலைக்குத்தான். தேயிலைக் கொழுந்து எடுப்பவளின் நாள் முழுவதும் ஓர் எண்ணிக்கையில் முடிகிறது. காலை, மதியம், மாலை என்று தராசில் நிறுக்கும்போது கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கிலோ கழிக்கப்படுவது எத்தனை தலைமுறைப் புகார்! தனக்கு எத்தனை கிலோ விழுந்தது என்று அவளுக்கே சந்தேகம், அதைக் கேட்டால் சண்டை. இங்கேயோ விளையாட்டுக்கு அடிக்கும் ஒரு தட்டுக்கூட எல்லாரும் பார்க்கத் திரையில் ஏறுகிறது. குழந்தையும் கேட்கலாம், பாட்டியும் பார்க்கலாம். இப்போது சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் தராசு டிஜிட்டலாக இருப்பது பாதிதான். எண் யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே மீதி. இந்தக் கூடத்தின் திரை ஆடுபவர் பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்தது பந்தைவிட அந்தத் திரைதான்.

குறை என்ன? பந்து எண்ணுகிறது, சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று அடி எடுத்தாய் என்கிறது, ஏன் மூன்று என்று சொல்வதில்லை. எந்தக் கோணத்தில் தட்டினேன், வேகம் கூடியதா குறைந்ததா என்று காட்ட, கோல்ஃப் உலகில் ராடாரும் கமெராவும் வைத்த பயிற்சிக் கருவிகள் ஏற்கெனவே உண்டு. இந்தவகைக் கூடங்கள் அந்தப் பக்கம் போகாமல் கொண்டாட்டத்தோடு நின்றுவிடுகின்றன. நுவரெலியா மைதானத்தில் பையோடு கூட வரும் ஆள் செய்வது அந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையைத்தான்: புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நேற்றைய மழையில் தரை எப்படி இருக்கிறது, மலைச்சரிவு பந்தை எங்கே இழுக்கும் என்று பார்த்து அடிக்குமுன் சொல்வார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஓங்கி அடித்த பந்து கொழும்பைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கொழும்பிலிருந்து வருகிறவர் அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பந்து தளத்தைத் தாண்டிப் போகும். உருட்டி ஆடும் குட்டி கோல்ஃபில் காற்றுக்கு வேலையில்லை. ஆகவே இந்தப் பந்து எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் உருளும். அது ஒரு வசதி. ஊரின் மணம் இல்லாததும் அதனால்தான்.

ஆனால் குட்டி கோல்ஃபின் வரலாற்றுக்கு ஊர் மணம் இல்லாமல் இல்லை. 1867இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் பெண்களுக்கென்று உருட்டி ஆடும் கழகம் ஒன்று தொடங்கினார்கள். மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்குவது பெண்ணுக்கு அடக்கமில்லை என்று நினைத்த காலம். அந்த மேடுபள்ளப் புல்தரைக்கு ஹிமாலயாஸ் என்று பெயர். இன்றும் அங்கே ஆடலாம். அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துறையில் வணிகத்துக்கென்று தேயிலை நட்டார். அங்கே பெண்கள் அடக்கமாக உருட்டி ஆட ஒரு புல்தரை அமைந்த அதே ஆண்டில், நம் பாட்டிமார் கூடையோடு ஏற வேண்டிய மலை இங்கே அமைந்தது. பிற்பாடு 1920களில் குட்டி கோல்ஃப் பெருகியதற்கும் ஒரு தோட்டமே காரணம்: மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தோமஸ் ஃபெயர்பேர்ன், பருத்தி விதையின் உமியை மணலோடும் எண்ணெயோடும் சாயத்தோடும் குழைத்துச் செயற்கைத் தளம் போட்டுக் காட்டினார். புல் வளர்க்காமலே ஆடலாம் என்று ஆனதும் நியூயோர்க்கில் மொட்டை மாடிகள்கூட ஆடுகளமாயின.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தக் கூடங்களின் வியாபாரத்தில் சமையலறைக்கும் பெரிய பங்கு உண்டு. ஒன்பது குழி ஆடுவதற்கு அதிக நேரம் பிடிக்காது, பிறகு பசிக்கும், உட்கார மேசை பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாம் ஒரு கையால் எடுத்துச் சாப்பிடும் பண்டங்கள். மட்டை பிடித்த கைக்கு அது சரியான யோசனை. நம் கடைகளின் ரோல்ஸ், கட்லட், பருப்பு வடை எல்லாம் இதற்கென்றே பிறந்தவை போல எனக்குத் தோன்றியது. குடிவகை பற்றி மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. இரவானால் பல கூடங்கள் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாறிவிடுகின்றன, மதுதான் அப்போது முன்னுக்கு நிற்கிறது. மதுவால் லயத்து வீடுகள் பட்ட பாடு தெரிந்தவன் இதை அப்படியே மலையகத்துக்குக் கொண்டுவரச் சொல்ல மாட்டான்.

கொண்டுவர வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் மழையிலும் மூடுபனியிலும் ஹோட்டல் அறைக்குள் முடங்குகிறார்கள். கிரிகோரி வாவியும் விக்டோரியா பூங்காவும் வெயில் இருந்தால்தான். கூரைக்கடியில் குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் கழிக்க இடம் மிகக் குறைவு. அதற்குக் கட்டடம் புதிதாகக் கட்டவும் தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலையின், நம் பேச்சில் இஸ்டோரின், கொழுந்து வாட்டும் மேல்மாடி நீளமான திறந்த தளம். இருபக்கமும் வரிசையாக ஜன்னல். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து இஸ்டோர் 1996இல் ஹோட்டலாகி, வாட்டும் மாடிகள் இன்று தங்கும் அறைகளாக இருக்கின்றன. ஹந்தானையில் 1925இல் கட்டிய இஸ்டோர் தேயிலை நூதனசாலையாகிவிட்டது. மலையகத்தில் இயந்திரம் நின்றுபோன இஸ்டோர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒன்பது குழி வைத்தால் என்ன? பந்து, கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் மேசையைச் சுற்றி வரட்டும், சலிக்கும் வலையில் இறங்கட்டும், கடைசிக் குழியில் ஒரு கொழுந்துத் தராசு, முள்ளு எல்லாருக்கும் தெரியும்படி ஏறட்டும். மதுக் கவுண்டர் இருக்கும் இடத்தில் தேநீர்க் கவுண்டர்: நுவரெலியா, திம்புள்ள, ஊவா என்று மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சுவைக்கலாம். தேயிலை பறிக்கும் கைகளுக்கு வீட்டில் மிஞ்சுவது தூள்தான். நல்ல தேயிலையின் ருசியை அந்தக் குடும்பங்கள் அறிய ஓர் இடமாவது வேண்டும்.

மின்சாரம் ஒரு கேள்வி. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாடு இது. மலையில் ஒரு பெருங்காற்றுக்கு மரம் விழுந்தாலே இருட்டு. மின்சாரம் போனால் எண்ணத் தெரிந்த பந்தும் வெறும் பந்துதான். மாற்று மின்சாரம் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பழுதுபார்ப்பு இன்னொரு கேள்வி. உணரி கெட்டால் வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்வரை பூட்டி வைக்க முடியாது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, மின்னணுவியல் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் சாமான் தூக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தப் பந்தைத் திறந்து பார்க்கும் உரிமை இருக்க வேண்டும்.

விலைதான் பெரிய கேள்வி. லண்டனில் ஒருவர் ஒன்பது குழி ஆடப் பத்துப் பவுண் என்று வைத்தாலும் இலங்கைப் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அம்மா மூன்று நாள் மலையேறினால் பிள்ளை ஒருமுறை ஆடலாம் என்பது என்ன கணக்கு? அந்த விலையில் வந்தால் இதுவும் வேலிக்கு அந்தப் பக்கத்து விளையாட்டாகவே இருக்கும்.

என் தீர்ப்பு இது. பந்துக்கும் திரைக்கும் முழு மதிப்பெண். இங்கிலாந்தில் உறவினர் இருப்பவர்கள், மழை பெய்யும் ஒரு பகலில், பிள்ளைகளோடு தாராளமாகப் போய் ஆடலாம்; கோல்ஃப் தெரியாதவர்களுக்கும் முதல் குழியிலேயே பிடிபட்டுவிடும். மலையகத்தில் இஸ்டோர்களைப் பூட்டி வைத்திருக்கும் தோட்டக் கம்பனிகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஹோட்டலுக்கு விற்குமுன் இதை ஒருமுறை யோசியுங்கள், வாரநாட்களில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நூறு ரூபாய்க்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.