இன்பமும் எதிர்ப்பும்

பழைய இசைத்தட்டுகளை மலிவு விலைக்குக் குவித்திருந்த பெட்டியொன்றில் நாம் கண்டெடுத்தது, அமெரிக்க முரசுக் கலைஞர் மக்ஸ் றோச் 1960இல் ஒலிப்பதிவு செய்த ‘வீ இன்சிஸ்ற்’ என்னும் ஜாஸ் தட்டு. உறையிலே, உணவுச்சாலை மேசையில் அமர்ந்த கறுப்பினத்தவர் மூவர் நம்மை நேராக நோக்குகின்றனர். அவ்வாண்டு பெப்ரவரியில் கிறீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கே உரித்தாயிருந்த இருக்கைகளில் அமர்ந்து மாணவர் நால்வர் தொடக்கிய போராட்டத்தை அப்படம் நினைவூட்டுகின்றது.

கொள்கை புகுந்தால் கலையின்பம் குன்றும் என்பர் சிலர். அவர்கள் இத்தட்டின் முதற் பாடலைக் கேட்டல் வேண்டும். அடிமைகளை வேலைவாங்கிய கங்காணியைப் பற்றிய அப்பாடல் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் விழும் அடி சவுக்கடியாய் ஒலிக்க, அபி லிங்கனின் குரல் அதன்மேல் தளராது எழுகின்றது. தாளத்தை இரசிக்குந்தோறும் சவுக்கையும் உணர்கின்றோம். இரண்டையும் பிரித்தல் இயலாது.

பிறிதோரிடத்தில் அவர் சொற்களைத் துறந்து, முரசு மட்டுமே துணையாக அலறுகின்றார். அவ்விடம் செவிக்கு இனியதன்று. ஆயினும் அவ்வலறலை நீக்கிவிட்டால், அதனையடுத்து வரும் அமைதி பொய்யாகிவிடும். இறுதிப் பகுதியோ, அதே ஆண்டு மார்ச்சில் ஷார்ப்வில்லில் பொலிசார் சுட்டு, அரசுக் கணக்கின்படியே 69 பேர் மாண்ட தென்னாபிரிக்காவுக்காகக் கண்ணீர் சிந்துகின்றது.

நல்ல நோக்கம் மட்டும் நல்ல கலையாகாது. றோச் தம் கோபத்தைத் தாளமாக்கினார். ஆதலாலேயே அறுபது ஆண்டுகள் கடந்தும் அது நம்மை மகிழ்விக்கின்றது. நிம்மதியாய் மகிழ்ந்திருக்கவும் விடாதிருக்கின்றது. முற்போக்கு எழுத்தாளர் கற்கவேண்டிய பாடம் இதுவே.