சட்டைக்காரர் காலனி: முன்வாசல் நினைவுகளும் பின்வாசல் மௌனங்களும்

இந்திய ரயில்வே காலனிகளில் பிறந்து வளர்ந்து, 1947க்குப் பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று போய்ச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள் தங்கள் பிள்ளைப் பருவத்தைத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். சொந்தக் காசில் அச்சிட்ட சிறு புத்தகங்கள், சங்க மலர்களில் வந்த கட்டுரைகள் என்று இவை ஒரு தனி எழுத்து வகையாகவே ஆகிவிட்டன. கரக்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், நம்ம பொன்மலை என்று ஊர்தான் மாறுகிறது. சங்கதி மாறுவதில்லை. பட்டறைச் சங்கு, ஓட்டு வீடு, இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரையில் கிறிஸ்துமஸ் நடனம், ஹாக்கி மட்டை, தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, கல்கல், அச்சுமுறுக்கு. இவற்றுக்கு நடுவே தவறாமல் ஒரு ஆயா. எங்களைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தாள் என்று அவளைப் பற்றி ஒரு வரியும் தவறாமல் வரும்.

நான் எடமலைப்பட்டி புதூரில் பிறந்தவள். கிராப்பட்டி, கிராஃபோர்டு பக்கத்துச் சட்டைக்காரர் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள். என் அம்மாயி கல்யாணமான புதிதில் பொன்மலையில் ஒரு ரயில் டிரைவர் வீட்டில் ஆயா வேலை பார்த்தது. ஆக, இந்த எழுத்துகளை நான் படிப்பது அந்த ஒற்றை வரியில் வந்துபோகும் ஆயாவின் பேத்தியாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர்களைக் கேலி பேசும் தேசியவாத வாசிப்பு ஒன்று இங்கே ஏற்கனவே உண்டு. வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்கள், கண்ணால் பார்க்காத இங்கிலாந்தை 'ஹோம்' என்று சொன்னவர்கள், கொடி இறங்கியதும் ஓடிப்போனவர்கள் என்பது அதன் பல்லவி. அந்தப் பல்லவியை நாம் பாட வேண்டியதில்லை. வெள்ளையனும் இவர்களைத் தன் பந்தியில் உட்காரவைக்கவில்லை. தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ உத்தியோகம் கிடையாது என்று 1791இலேயே கதவை அடைத்தான். பின்னால் தந்தியும் ரயிலும் வந்து, நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டபோது பாதிக் கதவைத் திறந்தான். இஞ்சினும் கார்டு வண்டியும் இவர்களுக்கு, மேலதிகாரம் அவனுக்கு. அரசியல் சட்டத்தின் 336ஆம் பிரிவு, ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் இவர்களுக்கு இருந்த ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து முடித்தது. நாடாளுமன்ற, சட்டமன்ற நியமன இடங்களும் 104ஆம் திருத்தத்தால் 2020 ஜனவரியோடு போய்விட்டன. பெரிய சத்தம் எதுவும் எழவில்லை.

இவர்களுக்குத் தமிழ்ச் சமூகம் வைத்த பெயரைப் பாருங்கள்: சட்டைக்காரர். சட்டை போட்டிருப்பதே ஓர் இனத்துக்கு அடையாளமாக எப்போது ஆகும்? சட்டை போடக்கூடாது என்று சிலருக்கு விதி இருக்கிற ஊரில் ஆகும். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். சாதி பற்றிய தன் நூலில் ஹட்டன் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பொன்மலைப் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து ஒரு சில வருஷம்தான் ஆகியிருந்தது. காலனிப் பையன் மடிப்புக் கலையாத சட்டையோடு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன அதே காலத்தில், சில மணி நேரப் பயணத் தூரத்தில், சட்டை போட்டதற்காக ஒருவன் அடி வாங்கக்கூடிய நிலை இருந்தது. ஆங்கிலத்தில் எழுதும் அந்தப் பையனுக்கு இது தெரிய வேண்டுமென்று கட்டாயமில்லை. தமிழில் அவனைக் கேலி செய்கிறவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இனி அந்த ஆயாவுக்கு வருவோம். இந்த வகை எழுத்துக்கெல்லாம் மூத்த அண்ணன் கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்தவர். தன்வரலாறு அவர் இறந்தபின் 1937இல் வந்தது. அதன் முதல் பக்கங்களில் ஆயாவும் வேலைக்காரரும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். வேலைக்காரர் மீட்டாவுக்குப் பெயர் இருக்கிறது. ஆயா வெறும் ஆயாதான். மீட்டாவோடு கோயில்களுக்குள் போக முடிந்ததற்கு அவர் ஒரு காரணம் சொல்கிறார்: சாதி ஒட்டிக்கொள்ளும் வயதை அப்போது தான் எட்டவில்லையாம். இலக்கியமாக அழகான இடம். ஆனால் நம் தெருவில் எந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு வயது இருந்தது? தொட்டிலில் கிடக்கும்போதே நமக்கு அது ஒட்டிக்கொள்கிறது. சாதிக்கு முந்திய பிள்ளைப் பருவம் என்பதே ஒரு சலுகை. காலனி நினைவுகளின் இனிப்பில் பாதி இந்தச் சலுகையிலிருந்து வருவது.

ஆயா என்பது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல், பிள்ளை வளர்ப்பவள் என்று பொருள். நம்மில் பல ஊர்களில் ஆயா என்றால் பாட்டி. ஒரே ஓசைதான். அங்கே சம்பளத்துக்கு வந்த பெண், இங்கே வீட்டுக்கு மூத்தவள். அந்த எழுத்துகளில் அவள் பாடிய தாலாட்டு இருக்கிறது, வெற்றிலை வாசம் இருக்கிறது. அவள் எந்தத் தெருவிலிருந்து நடந்து வந்தாள், அவள் தூக்கி வளர்த்த நேரத்தில் அவள் பெற்ற பிள்ளை யாரிடம் இருந்தது என்பது இல்லை. எழுதுகிறவர்களின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்புக்கு ஆயாவின் வீடு தேவைப்படவில்லை என்கிறேன். சட்டமும் இப்படித்தான். 366ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தந்தைவழி ஐரோப்பியரை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. தாய் யார் என்று கேட்பதில்லை. முதல் தலைமுறையின் தாய் இந்த மண்ணின் பெண். அவளும் பெயரில்லாமல்தான் போனாள்.

அந்த வீடுகளின் அமைப்பையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். முன்பக்கம் வராந்தா, பூந்தொட்டி, பிரம்பு நாற்காலி. பின்பக்கம் குளியலறைக்கு வெளியிலிருந்து திறக்கும் ஒரு சிறு கதவு. அதற்குப் பின்னே இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரு சந்து. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலவாளியை எடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் வராமல், யார் கண்ணிலும் படாமல் வந்து போவதற்கான ஏற்பாடு இது. கன்டோன்மென்ட் பங்களாக்களிலும் இதுதான். வராந்தாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதவைத் திறந்தவர்களைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு பத்திகூட இல்லை. யாரும் பார்க்கக்கூடாது என்று கட்டியதைப் பிள்ளைகளும் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள்.

சரி, நம் நினைவுகள்? 'வெள்ளைக்காரன் காலம் தேவலை' என்று நம் பெரியவர்களும் சொல்வதுண்டு. இதைக் கேட்டதும் அடிமை மோகம் என்று முத்திரை குத்தும் முற்போக்காளர்களை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நின்று கேட்டால் விஷயம் வேறு. அம்மாயி சொல்லும்: "ஒண்ணாந்தேதியானா கையில காசு. கிராமத்துல போரடிச்சுட்டு எவன் களத்துலயாவது கையேந்தி நின்னாத்தான் நெல்லு. இங்க நிக்க வேண்டியதில்ல. செருப்பு போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தேன், ஏன்னு கேக்க ஆளில்ல." இதில் வெள்ளைக்காரனும் இல்லை, சட்டைக்காரனும் இல்லை. விட்டுவந்த கிராமத்தின் மீதான தீர்ப்புதான் இருக்கிறது. அவர்கள் ஏங்குவது போய்விட்ட ஒரு வீட்டுக்காக. நம்மவர்கள் நினைத்துப் பார்ப்பது, தப்பித்து வந்து மூச்சு விட்ட ஓர் இடத்தை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

அந்த மூச்சும் எவ்வளவு தூரம் போனது? அண்ணல் அம்பேத்கர் 1891இல் மௌ கன்டோன்மென்ட்டில் பிறந்தவர், சுபேதார் மகன். 1901இல் தகப்பனைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் மற்றப் பிள்ளைகளோடு இறங்குகிறார். ஆங்கில பாணிச் சட்டை, சரிகைத் தொப்பி, புது ஜோடு. பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துப் பரிவாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று கேட்டதும் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டியிருந்தது. விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற அவருடைய குறிப்புகளில் இது இருக்கிறது. ரயிலைப் பற்றிய பிள்ளைப் பருவ நினைவு என்றால் நம் பக்கம் முதலில் வைக்க வேண்டிய பிரதி இது. சட்டை இருந்தது. அது காப்பாற்றவில்லை.

கடைசியாக, நமக்குள் பேச வேண்டிய ஒன்று. பட்லர், சமையல், ஆயா வேலை செய்த குடும்பங்களுக்கு அதில் ஒரு பெருமிதம் உண்டு. நியாயமான பெருமிதம். துரை வீட்டு பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் திருக்குறள் ஏடு எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்தார். பட்லர் என்றால் ஏவல் ஆள் என்று மட்டும் நினைத்தவர்களுக்கு அது பதில். ஆனால் சமையலறைக்குள் போனவர்களும் பின்சந்தில் வந்தவர்களும் ஒரே சாதி இல்லை. சந்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். ஒருநாள் அம்மாயிடம் கேட்டேன், "கக்கூஸ் எடுக்க வந்துச்சே அந்த அம்மா, அது பேரு என்னா அம்மாயி?" யோசிக்காமல் பதில் வந்தது: "அது தோட்டிச்சி. பேரு யாருக்குத் தெரியும்?" துரைசாணிக்கு அம்மாயி எப்படி வெறும் ஆயாவோ, அப்படியே அம்மாயிக்கு அவள் வெறும் தோட்டிச்சி. ஆங்கிலப் புத்தகங்களின் மௌனத்தைக் கண்டிக்கும் நாம், நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் இந்த மௌனத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் முகம் சுளித்ததற்கும் இந்த மறதிக்கும் தொடர்பு உண்டு.

ஆகவே செய்ய வேண்டிய வேலை எழுதுவதுதான். பொன்மலை, அரக்கோணம், போத்தனூர் காலனிகளில் வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். போய்க் கேளுங்கள். என்ன சம்பளம், எந்த வாசல் வழியாகப் போனார்கள், தண்ணீர் எதில் குடித்தார்கள், தன் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள், கூட வேலை செய்தவர்கள் யார் யார். கூச்சப்படுவார்கள். அம்மாயியே "எம் பேரப் போட்டுராத தாயி" என்றுதான் சொன்னது, அதனால் இங்கே போடவில்லை. சம்மதிக்கிறவர்களின் பெயரைத் தவறாமல் போடுங்கள். பின்சந்தில் வந்தவர்களின் பிள்ளைகளிடம் முதலில் போங்கள்.