தப்புக்கு ஒன்று, ஒப்பாரிக்கு ஒன்று: மூன்று கம்ப்ரஸர்களின் பரீட்சை

மாசி மாதத்தில் காமன் ஊன்றிய நாள் தொடங்கித் தகனம் முடியும்வரை மலையகத் தோட்டங்களில் ஒலிக்கும் தப்பையும், மதனைப் பறிகொடுத்த ரதியின் ஒப்பாரியையும் ஒரே பதிவுக்குள் அடக்க முயன்றவர் எவராயினும், அவ்விரண்டும் சுபாவத்தால் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதைச் சிறிது நேரத்திலேயே கண்டுகொள்வர். தப்பு, அடித்த கணத்திலேயே உச்சத்தைத் தொட்டு அடுத்த கணத்தில் அடங்கிவிடுகிறது. ஒப்பாரியோ முணுமுணுப்பாகத் தொடங்கி, மூச்சுக்கு மூச்சு ஏறி, வாய்விட்டு அலறும் இடத்தில் மைக்கின் தாங்குசக்தியையே சோதித்துவிட்டு, மறுபடியும் விம்மலாகத் தாழ்கிறது. முன்னதை அடக்க வேண்டிய முறை வேறு, பின்னதை அடக்க வேண்டிய முறை வேறு என்றிருக்க, விலையுயர்ந்த கம்ப்ரஸர் ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மூர் ஒலிப்பதிவு இளைஞர்களிடையே நிலவிவரும் நம்பிக்கை எனக்குச் சம்மதமானதன்று.

கம்ப்ரஸர் என்பது, ஒலி ஓர் எல்லையைத் தாண்டும்போது அதைத் தானாகவே தணிக்கும் சாதனம். நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்தால், எல்லையை 8 டெசிபெல் தாண்டி வருகின்ற ஒலி 2 டெசிபெல் மட்டுமே தாண்டி வெளியேறும். தாண்டிய ஒலியை எவ்வளவு விரைவில் பிடிப்பது, பிடித்ததை எவ்வளவு விரைவில் விடுவது என்னும் இரண்டு காலப்பிரமாணங்களும், அதாவது ஸ்டூடியோக்காரர்கள் அட்டாக் என்றும் ரிலீஸ் என்றும் சொல்லுபவை, ஒரு கம்ப்ரஸரின் குணத்தை ஏறக்குறைய முழுவதும் நிர்ணயித்துவிடுகின்றன. இச்சாதனத்தை முதலில் வேண்டி நின்றவர்கள் பாடகர்கள் அல்லர், வானொலி நிலையத்தார்; அறிவிப்பாளர் திடீரெனக் குரலை உயர்த்தினால் ஒலிபரப்பி தன் அளவை மீறி ஒலியைச் சிதைத்துவிடுமாகையால், அதற்கு ஒரு கடிவாளம் அவர்களுக்கு அவசியமாயிற்று.

பரீட்சைக்கு நான் எடுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது கிளார்க் டெக்னிக் கே.டி.-2ஏ, இது ஜிம் லோரன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1960களில் வடிவமைத்த டெலிட்ரொனிக்ஸ் எல்.ஏ.-2ஏ என்னும் புகழ்பெற்ற வால்வு யந்திரத்தின் பிரதி. இரண்டாவது, அதே கிளார்க் டெக்னிக்கின் 76-கே.டி.; பில் புட்னம் 1967 இல் வெளியிட்ட 1176 என்னும் டிரான்சிஸ்டர் யந்திரத்தைப் பின்பற்றியது. டெலிட்ரொனிக்ஸும் கைமாறிக் கைமாறி அதே 1967 இல் புட்னமின் நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தமையால், இவ்விரண்டு மூலயந்திரங்களையும் ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரர்கள் என்று சொல்வதில் தவறில்லை. மூன்றாவது டி.பி.எக்ஸ். 160ஏ. டேவிட் பிளாக்மர் 1971 இல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த இதற்குப் பழைமையின் மினுமினுப்பும் இல்லை, சூடேறும் வால்வும் இல்லை. மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சுற்றும், ஒரு கறுப்புத் தகரப் பெட்டியுமே இதன் சொத்து.

இடம், லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இப்போது பயன்படாமல் கிடக்கும் பழைய பிள்ளை மடுவம். சுவரில் கம்பளியும் தரையில் படங்குச் சாக்கும் போட்டு எதிரொலியை ஓரளவு அடக்கிவிட்டோமாயினும், தகரக் கூரையை மட்டும் எவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழை பிடித்துவிட்டால் அது தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கிவிடும். கம்ப்ரஸரின் குணதோஷங்களைக் கற்பதற்கு இந்தக் கூரையைவிடச் சிறந்த ஆசான் வேறில்லை என்றே சொல்வேன். ஏனெனில், உரத்த ஒலியை 10 டெசிபெல் தணித்து, தணித்ததை ஈடுசெய்ய மொத்த ஒலியையும் 10 டெசிபெல் உயர்த்தும்போது, பாடுபவர் மூச்செடுக்கும் இடைவெளியில் பின்னணியிலுள்ள மழையும் அதே 10 டெசிபெல் உயர்ந்தே வந்து நிற்கிறது. அது எப்படி வந்து நிற்கிறது என்பதில்தான் யந்திரத்துக்கு யந்திரம் வித்தியாசம்.

ஒப்பாரியை முதலில் கே.டி.-2ஏயின் வழியாகச் செலுத்தினோம். இதன் முகப்பில் முக்கியமான குமிழ்கள் இரண்டே: எவ்வளவு தணிப்பது என்பதற்கு ஒன்று, ஈடுசெய்து உயர்த்துவதற்கு ஒன்று. அட்டாக்கையும் ரிலீஸையும் நம் கையில் தருவதில்லை. உள்ளே ஓர் ஒளிரும் தகடும், அதன் ஒளியை ஏற்று மின்தடையை மாற்றிக்கொள்ளும் ஒளியுணர்வியும் எதிரெதிரே அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒலி உரக்கும்போது தகடு பிரகாசமாகிறது, பிரகாசத்துக்கு ஏற்ப ஒலி தணிகிறது. மூலயந்திரத்தின் கணக்குப்படி ஒலியைப் பிடிக்க இதற்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் வேண்டும். விடும்போது பாதியை 60 மில்லிசெக்கனில் விட்டு, மீதியை அரைச் செக்கன் முதல் 5 செக்கன் வரை எடுத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. நெடுநேரம் கனன்ற அடுப்பு ஆற நெடுநேரம் எடுப்பதுபோல, நெடுநேரம் உரத்த குரலைக் கேட்ட ஒளியுணர்வியும் நெடுநேரம் கழித்தே பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒப்பாரிக்கு இது வரப்பிரசாதம். அலறல் ஓய்ந்து விம்மல் தொடங்கும் இடத்தில் குரல் திடுமென முன்னால் பாய்ந்து வராமல், அழுதவரே தம் துக்கத்தை அடக்கிக்கொண்டாற்போல இயல்பாகத் தாழ்ந்து, பின் சொல் தெளிவாகும் அளவுக்கு உயர்கிறது. மழையும் மூச்சுக்கு மூச்சு எழுந்து விழாமல் ஒரே திரையாகப் பின்னால் நின்றுவிடுகிறது.

அதே ஒப்பாரியை 76-கே.டி.யில் செலுத்தியபோது கிடைத்த அனுபவம் முற்றிலும் வேறு. இவ்வகை யந்திரத்தில் எல்லையை நகர்த்தும் குமிழ் கிடையாது. எல்லை உள்ளேயே நிர்ணயிக்கப்பட்டிருக்க, உள்வரும் ஒலியை உயர்த்தி நாமே அந்த எல்லையில் கொண்டுபோய் மோத வேண்டும். 4, 8, 12, 20 என்று விகிதத்துக்கு நான்கு பொத்தான்கள். அட்டாக், ரிலீஸ் இரண்டுக்கும் குமிழ்கள். இக்குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் காலம் நீளும் என்றெண்ணிக் கைவைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: வலப்பக்கம் திருப்பத் திருப்ப வேகமே கூடுகிறது. ரிலீஸை மிக வேகமான 50 மில்லிசெக்கனில் வைத்தால் சொல்லுக்குச் சொல் இடைவெளியில் கூரை மழை குபுகுபுவென்று மேலேறி, அடுத்த சொல்லோடு அமுங்கி, மீண்டும் ஏறி, பாடுபவரைவிட மழையே அதிகம் அழுகிறதோ என்று சந்தேகிக்கும்படி ஆகிவிடுகிறது. மெதுவான பக்கம் கொண்டுவந்த பிறகு இத்தோஷம் குறைந்தது. அப்போது கிடைத்த குரலில் ஒரு நெருக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: உதடு பிரியும் ஓசையும், மூக்கை உறிஞ்சும் ஓசையுங்கூடக் காதருகே வந்துவிடுகின்றன. சினிமாப் பாட்டுக்கு இது ஏற்றது. ஒப்பாரிக்கு, என் அபிப்பிராயத்தில், சற்று அத்துமீறல்.

இனித் தப்பு. வலக்கையில் தடித்த குட்டைக்குச்சியும் இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பும் கொண்டு அடிக்கப்படும் இவ்வாத்தியத்தில் சுவை முழுவதும் அடித்த முதற்கணத்தில், குச்சி தோலைத் தொடும் அந்தக் கூரிய நுனியில் இருக்கிறது. தோலின் அதிர்வு அதற்குப் பின்னால் வருவது. ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்குத் தொழிலாளரை எழுப்பிய தப்பு, மூடுபனியையும் மலைச்சரிவையும் ஊடுருவிக்கொண்டு கடைசி லயம்வரை போய்ச் சேர்ந்தது இந்த நுனியின் பலத்தினாலேயே. ஆகவே தப்புக்குக் கம்ப்ரஸர் போடுபவர் நுனியைத் தப்பவிட்டு, உடலைப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் எண்கள் ஓர் ஆச்சரியத்தை வெளிப்படுத்துகின்றன. 1176இன் அட்டாக் 20 மைக்ரோசெக்கன் முதல் 800 மைக்ரோசெக்கன் வரை. அதாவது அதன் மிக மெதுவான நிலைகூட ஒரு மில்லிசெக்கனுக்குக் குறைவு. டி.பி.எக்ஸ். 160ஏயில் அட்டாக் குமிழே இல்லை. வருகின்ற ஒலியின் உக்கிரத்தைப் பார்த்து யந்திரமே நிர்ணயித்துக்கொள்கிறது. 10 டெசிபெல் தணிக்க ஏறத்தாழ 15 மில்லிசெக்கன், 20 டெசிபெல் தணிக்க 5, 30 டெசிபெல் தணிக்க 3 என்பது உற்பத்தியாளர் தரும் கணக்கு. ஒன்றின் மிகமிக மெதுவான நிலை, மற்றதன் மிக வேகமான நிலையைக் காட்டிலும் பன்மடங்கு வேகமானது! குமிழைத் திருப்பித் திருப்பி இவ்விரண்டையும் ஒன்றுபோல் ஒலிக்கச் செய்யலாம் என்று கருதுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பலன் பிரத்தியட்சம்: 76-கே.டி.யில் தப்பின் நுனி மழுங்கி, உடல் பருத்து, எங்கோ ஒரு பெரிய டிரம் ஒலிப்பதுபோல் ஆயிற்று. 160ஏயில் நுனி முழுசாக வெளியேறிய பின்னரே கட்டுப்பாடு விழுந்தமையால், தப்பு முன்னைவிடத் தப்பாகவே ஒலித்தது. எது எந்த யந்திரம் என்று சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டியபோது, அடித்த பெரியவர் யோசிக்கவே இல்லை. “தம்பி, இதுலதான் குச்சி கேக்குது. மத்ததுல தோலு மட்டுந்தான் கேக்குது,” என்றார். சுட்டியது 160ஏயை.

கே.டி.-2ஏயைத் தப்புக்குப் பயன்படுத்துவது வீண். அடிகள் நெருங்கி விழும் வேகக் கட்டத்தில் அதன் ஒளியுணர்வி ஒருமுறையும் முழுதாக ஆறுவதில்லை. மொத்தத்தையும் ஒரேயடியாகத் தாழ்த்தி வைத்துவிட்டு, கட்டம் முடிந்து நாலைந்து செக்கன் கழித்தே மேலே வருகிறது.

இந்த ஊர்ச் சீதோஷ்ணத்தால் எழும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மூடுபனியின் ஈரம் ஏறிய தோல் விரைவில் தொய்ந்துபோகிறது. எனவே தப்புக்காரர் அடிக்கடி எழுந்துபோய் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டு வருகிறார். காய்ந்து வந்த தப்பு, போன தப்பு அன்று. சுருதி ஏறி, நுனி கூர்மையாகி, முன்பு எல்லைக்குச் சற்றே மேலே நின்ற ஒலி இப்போது வெகுதூரம் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு தடவை நெருப்பிலிருந்து திரும்பும்போதும் எல்லையை மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது. 160ஏயில் இது சுலபம். எல்லைக்குக் கீழே, எல்லையில், எல்லைக்கு மேலே என்று காட்டும் சிறு விளக்குகளும், தணிப்பின் அளவைக் காட்டும் விளக்கு வரிசையும் அடியோடு அடியாக உண்மை சொல்கின்றன. மற்ற இரண்டிலும் உள்ள அழகிய முள் மீட்டர்கள் குரலுக்கு ஏற்றவை. தப்பின் ஒற்றை அடியைக் கண்டுகொண்டு முள் அசைவதற்குள் அடி முடிந்துவிடுகிறது. அங்கே கண்ணை நம்பாமல் காதை நம்புவதே உசிதம்.

இத்தனை பெட்டிகளும் எதற்கு, கணினியிலேயே இவற்றின் மென்பொருட் பிரதிகள் கிடைக்கின்றனவே என்ற கேள்வி நியாயமானது. இரைச்சலுக்கு அஞ்சி நாடாவில் முடிந்தமட்டும் உரக்கப் பதிய வேண்டியிருந்த காலம் போய், 24 பிட் பதிவில் சற்றுத் தாழ்வாகப் பதிந்தாலும் பாதகமில்லை என்ற காலம் வந்துவிட்டது. ஆயினும் பாடுபவர் தம் தணிக்கப்பட்ட குரலை ஹெட்போனில் அந்தக் கணமே கேட்கும்போது, விம்மலும் தமக்கே தெளிவாகக் கேட்பதால் தொண்டையை வருத்தாமல் பாடுகிறார். இந்தப் பயனைத் தாமதமின்றித் தருவதில் பெட்டிக்கு இன்றும் மதிப்புண்டு. ஆனால் பதியும்போதே தணித்த ஒலியைப் பின்னால் எவராலும் பழையபடி விரிக்க இயலாது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலாக வந்தமையால் பாட்டின் சொற்கள் பிழைத்தன. அச்சில் ஏறாத குரலும் அடியும் இனி ஒலிப்பதிவில்தான் பிழைக்க வேண்டும். ஆகையால் மைக்கின் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கம்ப்ரஸர் வழியாகவும் மற்றொன்றை நேராகவும் பதிந்து, நேராகப் பதிந்ததைத் தொடாமல் பாதுகாத்து வையுங்கள் என்று மலையகத்தில் ஒலிப்பதிவு செய்யும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்குவோருக்கு என் தீர்ப்பு இது. குரலை மட்டும் பதிபவருக்குக் கே.டி.-2ஏ. சினிமா மெட்டுகளும் கிட்டாரும் அதிகம் பதிபவருக்கு 76-கே.டி. தப்பு, உடுக்கு, உருமி போன்றவற்றை விட்டால் வேறு தொழிலில்லை என்பவருக்கும், ஒன்றே ஒன்றுதான் வாங்க இயலும் என்பவருக்கும் 160ஏ. அதன் மென்மையான வளைவுக்கான பொத்தானை அழுத்தி, விகிதத்தை மூன்றுக்கு ஒன்றுக்குக் கீழே வைத்தால் ஒப்பாரியையும் அது கெடுப்பதில்லை, எல்.ஏ.-2ஏயின் மடியில் கிடைக்கும் இதம் மட்டும் கிடைக்காது. பழைய பெட்டியாக வாங்குவதாயின், பின்பக்கத்தில் 230 வோல்ட் என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 120 என்றிருந்தால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.