ரோஸ் ஏன் தோற்கணும்?

பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் அமேசான் பிரைமில் வந்தது. இதுவரைக்கும் முழுப்படமா நாலு தடவை பார்த்திருக்கேன். டான்சிங் ரோஸ் சண்டையை மட்டும் எத்தனை தடவைன்னு கணக்கே இல்லை. என் கூட்டாளிகளும் அப்படித்தான். கிள்ளானில் மாமாக் கடையில் உட்கார்ந்தா யாராவது ஒருத்தன் கைப்பேசியில் அதைப் போட்டுவிடுவான். கபிலனின் கடைசிச் சண்டையைப் போடச் சொல்லி ஒருத்தன்கூடக் கேட்டதில்லை.

இது கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துது. படம் முழுக்க நம்மைக் கபிலன் பக்கம் நிற்கச் சொல்கிறது. நாமும் நிற்கிறோம். ஆனால் மனசு போய் ஒட்டிக்கொள்வது எதிரணியான இடியாப்ப பரம்பரையின் ரோஸிடம்.

ஷபீர் கல்லரக்கல் நடித்த ரோஸ் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதின் பாணி அது. குத்து முகத்துக்கு வரும். ரோஸ் இடுப்பை வளைப்பான், தலையை நாலு விரல் அளவு நகர்த்துவான், குத்து காற்றில் போகும். விலகிய அதே அசைவில் அவனுடைய அடி கிளம்பியிருக்கும். கபிலன் அவனை ஜெயிப்பது முரட்டுத்தனத்தால் அல்ல என்பதையும் சொல்லணும். ரோஸின் கால்தாளத்தைப் படித்து, அவன் அடுத்து வந்து நிற்கப்போகும் இடத்தில் அடிக்கிறான். அந்த வகையில் படம் ரோஸுக்கு மரியாதை செய்கிறது. ஆனால் ரோஸ் ஒரு படிக்கட்டுதான். உச்சிக்குப் போனதும் வேம்புலியின் அடிகளை வாங்கி, ரத்தம் ஒழுக, மறுபடி எழுந்து நிற்கிறவனைத்தான் வீரன் என்று காட்டுகிறது. பீடி ராயப்பனிடம் கடற்கரையில் பயிற்சி எடுத்து கபிலன் உடம்பை மீட்டுக்கொண்டு வந்தாலும், நம்மை விசிலடிக்க வைப்பது அவன் தாங்கும் காட்சிதான்.

இந்த அளவுகோல் இரஞ்சித் கண்டுபிடித்ததல்ல. முகத்திலும் மார்பிலும் படுவதற்கு 'விழுப்புண்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். அந்தப் புண் படாத நாளை எல்லாம் வீணான நாளில் சேர்க்கிறார் வள்ளுவர். வெண்ணியில் கரிகாலனோடு போரிட்டபோது முதுகில் புண் பட்டதற்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு பாடுகிறது. அடி எங்கே விழணும் என்பதுவரை யோசித்த மரபு இது. அடி விழாமலே சண்டை போடுகிறவனுக்கு அதில் என்ன பெயர்?

மற்றவர்களும் இதில் நமக்குக் குறைந்தவர்களில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் ஓடுவதற்கென்றே ஓர் ஆட்டக்காரர் இருப்பார். அவரைத் தடுக்கிறவர்கள் உடம்பால் மோதிச் சாய்ப்பார்கள். ஃபிராங்கோ ஹாரிஸ் மோதல் வருவது தெரிந்தால் கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுவார். ஜிம் பிரவுன் என்ற பழைய ஜாம்பவான் அதைக் கோழைத்தனம் என்கிற தொனியில் பேசினார். ஹாரிஸ் ஆடியது 13 பருவங்கள், பிரவுன் ஆடியது 9. ஹாரிஸின் அணி நான்கு முறை சூப்பர் பவுல் கோப்பையை வாங்கியது. ஆனாலும் ஹாரிஸ் பேச்சு எடுத்தால் இன்னமும் அந்தக் கோடு கூடவே வருது.

நம்ம ஊருக்கு வருவோம். படத்தின் கதை அவசரநிலைக் காலத்தில் நடக்கிறது. இந்தியாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது 1975 ஜூன் 25. ஆறு நாள் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலி ஜோ பக்னருடன் மோதினார். 15 சுற்றும் முடிந்து, புள்ளிகளில் அலி வென்றார். பக்னர் பெரும்பாலும் கைகளால் தன்னை மூடிக்கொண்டே நின்றார், அதற்காகக் கேலியும் வாங்கினார். ரோஸையும் பக்னரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பக்னர் ஒளிந்தார். ரோஸ் அடிப்பதற்காக விலகுகிறான்.

அலிக்கே ரெண்டு பாதி உண்டு. வியட்நாம் போருக்குப் போக மறுத்து 1967இல் பட்டம் பறிக்கப்படும்வரை அவரைத் தொடுவதே கஷ்டம். 1970இல் திரும்பி வந்தபோது கால்களில் பழைய வேகம் இல்லை, வாங்க ஆரம்பித்தார். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனின் குத்துகளைத் தாங்கியது, கோலாலம்பூர் முடிந்து மூன்றே மாதத்தில் மணிலாவில் ஃபிரேசியரோடு 14 சுற்று. நாம் கதை கதையாகச் சொல்வது இந்த ரெண்டாம் பாதியைத்தான். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அந்த அடிகளுக்கும் நோய்க்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் மருத்துவர்களிடம் ஒரே பதில் இல்லை. தளர்ந்துபோன அந்தக் குரலை மட்டும் நாம் எல்லாரும் கேட்டோம்.

நான் படித்தது பொறியியல். அதில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பாங்க: ஒரு எஃகுத் தண்டு பெரிய சுமையை ஒருமுறை தாங்கிவிடும். அதைவிடச் சின்ன சுமை திரும்பத் திரும்ப வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து ஒருநாள் ஒடியும். ஒவ்வொரு தடவையும் அது 'தாங்கிடுச்சு' என்றுதான் நாம் நினைத்திருப்போம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. கபிலன் எப்படி விலகுவான்? ஊர் பார்க்க மேடையில் துணியை உருவி அவமானப்படுத்தப்பட்டவன் அவன். அவன் பின்னால் ஓரடி வைத்தால் 'இவனுங்க இப்படித்தான்' என்று சொல்ல ஒரு கூட்டமே காத்திருக்கு. ரோஸுக்கு அந்தப் பாரம் இல்லை. அதனால்தான் அவனால் ஆட முடிகிறது. இதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக அடிவாங்கிய சனத்துக்கு, இன்னும் கொஞ்சம் தாங்கிக்காட்டு என்பது மட்டும்தான் விடுதலையா? அடி தன்மேல் விழாமல் பார்த்துக்கொள்கிற உடம்பும் விடுதலையான உடம்புதானே? ரோஸின் உடம்பில் அந்தச் சாத்தியத்தைக் காட்டிவிட்டு, அதைப் பாதிப் படத்தோடு விட்டுவிட்டார் இரஞ்சித். எனக்குப் படத்தின் மேல் இருக்கும் பெரிய குறை அதுதான்.

பல்கலைக்கழகத்தில் எங்க கபடி அணியில் ஒரு கூட்டாளி இருந்தான். பாடிப் போனால் பிடிக்க வருகிறவர்கள் மேலேயே மோதிக்கொண்டு திரும்புவான். கோட்டைத் தொட்டுவிட்டு நழுவி வருகிறவர்களைப் 'பயந்தாங்கொள்ளி' என்று நாங்க கூப்பிட்டோம், நானும்தான். ஒரு ஆட்டத்தில் அவனுக்குத் தோள் விலகியது. மூட்டைத் தட்டி ஏற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். அன்றைக்கு நாங்க தட்டின கை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இப்போ அவனால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது.

போன மாசம் ரோஸ் சண்டையைப் போடச் சொன்னது அவன்தான். வலது கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ரோஸ் தடுமாற ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடி போட்டான்.