பாகூர் முதல் திருமுக்கூடல் வரை: அரசும் சமயமும் வளர்த்த கல்விச்சாலைகள்

திண்டிவனம் சாலையில், புதுச்சேரியின் எல்லையோரம் இருக்கிறது கோரிமேடு. இந்தியா முழுவதும் இவ்வூரை ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனத்தால் அறியும். பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே அதன் மூத்த வேர். 1964இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது. அரசு பொருள் தர, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் தங்கிக் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக் கப்பல்கள் வருவதற்கு எட்டு நூற்றாண்டுகள் முன்பே இவ்வட்டாரத்தில் அது நடைமுறையில் இருந்தது.

முதலில் பாகூர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூர் வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டது. வேண்டிக்கொண்டவர் குறுநிலத் தலைவர் ஒருவர், ஆணையிட்டவர் மன்னர், பெற்றுக்கொண்டவர்கள் கற்றோர். வடமொழியிலும் தமிழிலும் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்ததால், ஆட்சி மாறினாலும் உரிமை மாறாது என்ற உறுதி அவர்களுக்குக் கிடைத்தது. பேரரசுக்கு இதில் என்ன பயன்? ஓலை எழுதவும் வழக்குத் தீர்க்கவும் கணக்குப் பார்க்கவும் கற்றவர்கள் தேவைப்பட்டார்கள். அரசனின் குலப்பெருமையைச் செய்யுளில் பாடித் தந்தவர்களும் அவர்களே. கொடை புண்ணியமாகவும் இருந்தது, ஆட்சிக்கு முதலீடாகவும் இருந்தது.

சோழர் காலத்தில் இந்த முறை முழு வளர்ச்சி பெற்றது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒரு கல்லூரியின் வரவுசெலவுத் திட்டம் போலவே இருக்கிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். இளநிலை மாணவர் 270 பேரில் ரிக்வேதம் 75, யஜுர்வேதம் 75, ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் 40. மீதிப் பேர் சாமம், அதர்வம் முதலிய பிரிவுகளில். மேல்நிலையில் 70 பேர்: மீமாம்சை 35, வியாகரணம் 25, வேதாந்தம் 10. இளையவருக்கு நாள்தோறும் 6 நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. எந்தப் பாடத்துக்கு எத்தனை இடம், எந்தப் படிநிலைக்கு எவ்வளவு உதவி என்று முன்கூட்டியே வரையறுத்திருக்கிறார்கள். அதே கோயிலில் திருவாய்மொழி விண்ணப்பம் செய்வோருக்கும் நிவந்தம் இருந்தது. ஆனால் பாடத்திட்டத்தில் தமிழ் இல்லை. சந்நிதியில் இடம் பெற்ற தமிழ், வகுப்பறையில் இடம் பெறவில்லை.

விழுப்புரம் சாலையில் இருக்கும் நம் திருபுவனை அடுத்த சான்று. முதலாம் இராசாதிராசன் ஆட்சியில், 1048இல், இங்கே 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். 72 வேலி நிலம், ஆண்டுக்கு 12,000 கலம் நெல். வேதங்களோடு பாரதம், இராமாயணம், மனுநூல், வைகானசம் ஆகியவையும் பாடமாயின. கற்பவரும் கற்பிப்பவரும் ஊர்ச் சபையின் வாரியப் பணிகளிலிருந்து விலக்குப் பெற்றனர். படிப்புக்கு இடையூறு கூடாது என்று ஓர் ஊரே தீர்மானித்திருப்பது, இன்று நமக்கும் பாடம்.

ஒழுங்கின் தரத்துக்குத் தென்கோடி பார்த்திவபுரத்தைப் பார்க்க வேண்டும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் நிறுவிய அந்தக் கல்விச்சாலையில் 95 பேருக்கு இடம். இலக்கணப் பயிற்சியும் மூன்று நாட்டு நடைமுறைக்கு உரிய தகுதியும் உள்ளவரே சேரலாம். வைது பேசினால் தண்டம் உண்டு. படைக்கலத்தோடு அவைக்கு வருவதற்குத் தடை உண்டு. அந்தக் கல்வி அரசியலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதை இந்த விதிகளே சொல்லிவிடுகின்றன.

வைதிகச் சாலைகள் மட்டுமே வரலாறு அல்ல. நம் தெற்கே கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், பழைய பாடலிபுரமாகச் சமணக் கல்விக்குப் பெயர் பெற்றிருந்தது. 458இல் லோகவிபாகம் என்ற நூல் அங்கே எழுதி முடிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து வேடலில், 9ஆம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியருக்கும் அவருடைய 500 மாணவியருக்கும் உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றனர். பெண் ஒருவர் இத்தனை பேருக்கு ஆசிரியராக இருந்ததைக் கல்வெட்டே சொல்லும்போது, பெண்கல்வியை மேலைநாடு தந்தது என்ற பேச்சு நிற்காது.

கோரிமேட்டின் மருத்துவப் பணிக்கு மிக நெருங்கிய சான்று காஞ்சிபுரம் மாவட்டத் திருமுக்கூடல். வீரராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வேதபாடசாலையும் விடுதியும் வீரசோழன் என்ற மருத்துவமனையும் ஒன்றாக இயங்கின. மருத்துவமனையில் 15 படுக்கை, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று பணியாளர் பட்டியல் நீள்கிறது. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. விடுதி மாணவருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் இரவு விளக்கும் மறக்கப்படவில்லை.

இவற்றை வியந்து போற்றும்போது நேர்மையும் வேண்டும். எண்ணாயிரத்து 340 பேருக்கும் திருபுவனை 260 பேருக்கும் நெல் விளைவித்த உழவரின் பிள்ளைகளுக்கு அந்தச் சாலைகளில் இடமில்லை. அளவில் குறையாத அந்தக் கல்வி, வாசலில் குறுகியிருந்தது. கோரிமேட்டில் இன்று உழவர் வீட்டுப் பிள்ளையும் மருத்துவராக முடிகிறது என்றால், அது பல்லவரும் சோழரும் எட்டாத தரம். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று: கல்விக்கு ஒதுக்கிய பொருளை எல்லாரும் காணும்படி எழுதிவைத்து, அதற்கு ஊரையே பொறுப்பாக்கிய முறை.

இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் பாகூருக்கும் திருபுவனைக்கும் போய்வர வேண்டும். திருப்பணி செய்வோர் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசாமலும், மணல் வீசிச் சுவரைத் தேய்க்காமலும் காக்க வேண்டும். நம் கல்வியின் கணக்கேடு அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. அது அழிந்தால் மறுபடி எழுத எவராலும் முடியாது.