37 என்கிற காலியிடம்

மொஸார்ட் 41 சிம்பொனிகள் எழுதினார் என்பது வழக்கமான கணக்கு. எண்ணிக்கொண்டு போனால் 36-க்கு அடுத்தது 38. நடுவிலிருந்த 37, 1907 வரை மொஸார்ட்டுடையதாகத்தான் இருந்தது. அந்த வருஷம் லோதர் பெர்கர் என்கிற ஆய்வாளர், அது சால்ஸ்பர்க் பேராயரிடம் ஊழியம் பார்த்த மிக்கேல் ஹைடன் 1783-இல் எழுதியது என்று காட்டினார். மொஸார்ட்டின் பங்கு, ஆரம்பத்தில் வரும் மெதுவான அறிமுகம் மட்டும். பிரதியில் அவர் கையெழுத்து இருந்தது; ஆகவே இசையும் அவருடையது. பட்டியல்காரர்களின் தர்க்கம் அவ்வளவுதான். லண்டனில் சிறுவனாக இருந்தபோது ஆபெலின் சிம்பொனி ஒன்றைப் பார்த்து எழுதியது 3-ஆம் எண் ஆனதும் இப்படித்தான்.

சரி, இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ஆசிரியன் செத்துப்போனான் என்று பார்த் 1960-களின் கடைசியில் சொன்னதை நாமும் போதுமான அளவு திருப்பிச் சொல்லியாயிற்று. 1969-இல் ஃபூக்கோ கேட்டதுதான் கஷ்டமான கேள்வி: அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது?

யேனா சிம்பொனியைப் பாருங்கள். 1909-இல் ஃப்ரிட்ஸ் ஸ்டைன் யேனா நகரில் ஒரு சிம்பொனியின் வாத்தியத் தாள்களைக் கண்டெடுத்தார். சில தாள்களில் பீத்தோவன் பெயர் இருந்தது. 1911-இல் அச்சாகிவிட்டது. ஸி மேஜரில் அமைந்த அது, ஜோசப் ஹைடனின் 97-ஆம் சிம்பொனியை அப்பட்டமாகப் பின்பற்றுகிறது. பிரச்சினையே இல்லை; இளம் பீத்தோவன் ஆசானிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார், இதோ தாக்கம், இதோ வளர்ச்சியின் முதல் படி! 1957-இல் ராபின்ஸ் லாண்டன், கோட்வைக் மடாலயத்தில் கிடைத்த இன்னொரு பிரதியை வைத்து, எழுதியவர் ஃபிரீட்ரிஷ் விட் என்று நிறுவினார். பீத்தோவன் பிறந்த அதே 1770-இல் பிறந்தவர் இந்த விட். தாளில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஆனால் பெரிய பெயருக்குக் கீழே 'தாக்கம்' என்றிருந்தது, சின்னப் பெயருக்குக் கீழே வந்ததும் 'காப்பி' ஆகிவிட்டது. கேட்ட காது பெயரைத்தான் கேட்டிருக்கிறது.

இதைக் காதின் குறை என்று மட்டும் விட்டுவிட முடியாது. பொருளாதாரமும் இருக்கிறது. 1761-இல் ஜோசப் ஹைடன் எஸ்டர்ஹாஸி பிரபுவிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி அவர் சீருடை போட்ட வேலைக்காரர். எழுதுகிற இசை பிரபுவின் சொத்து, வெளியே கொடுக்கக் கூடாது. 1779-இல்தான் அந்தத் தடை போனது. அதற்குள் திருட்டுப் பிரதிகள் வழியாக அவர் பெயர் ஐரோப்பா முழுக்க விலைபோகும் சரக்காகிவிட்டது. சரக்கு போதவில்லையென்றால் பதிப்பாளன் என்ன செய்வான்? அடுத்தவர் இசைமேல் அந்த லேபிளை ஒட்டுவான். 1777 வாக்கில் பாரிஸில் பையோ வெளியிட்ட ஆறு நால்வர் இசைகளில், முதல் இரண்டின் அச்சுத் தகட்டில் ஹோஃப்ஷ்டெட்டர் என்கிற துறவியின் பெயரைச் சுரண்டி எடுத்த தழும்பு தெரிகிறது. அதைக் கவனிக்க 1964 வரை ஆயிற்று.

'அப்படியானால் பெயரே வேண்டாமே' என்று நம் தோழர்கள் சிலர் கிளம்பலாம். வேண்டாம் என்று சொல்ல, பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டவனுக்குச் சுலபம். சுரண்டப்பட்டவனிடம் போய் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று சொன்னால் அவன் சிரிப்பான். மிக்கேல் ஹைடன் 1771 டிசம்பரில் பேராயரின் மறைவுக்காக ஒரு ரெக்வியம் எழுதினார். அது முதலில் வாசிக்கப்பட்டபோது வாத்தியக்காரர்களில் பதினைந்து வயது மொஸார்ட்டும் இருந்தார். இருபது வருஷம் கழித்து மொஸார்ட் எழுதி முடிக்காமல் விட்ட ரெக்வியத்தில் அதன் சாயல் இருக்கிறது. இங்கே மட்டும் காப்பி என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. இசை இப்படித்தான் கை மாறி வளர்கிறது. விட்டுக்கும் அதே நியாயம் கொடுங்கள் என்கிறேன்.

அதே 1783-இல் வேறொன்றும் நடந்தது. பேராயருக்கு மிக்கேல் ஆறு வயலின்–வியோலா இருவர் இசைகள் தர வேண்டியிருந்தது, நான்குதான் ஆயிற்று. உடம்பு சரியில்லாத நண்பருக்காக மொஸார்ட் மீதி இரண்டையும் எழுதிக் கொடுத்தார், அவையும் மிக்கேல் பெயரிலேயே போய்ச் சேர்ந்தன என்று பின்னால் மிக்கேலின் சீடர்கள் சொன்னார்கள். அந்த இரண்டும் மொஸார்ட் கணக்குக்குத் திரும்பிவிட்டன, இன்றும் வாசிக்கிறார்கள். 37-உம் மிக்கேல் கணக்குக்குத் திரும்பியது. வாசிக்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.